ஒன்றுமில்லை என்று சொன்னேன்

பரிமளக்கா தன் மகளை என்னிடம் கூட்டி வந்தது 2002ஆம் ஆண்டு. நான் பட்டம் முடித்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்தது விலங்கியலும் தாவரவியலும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அது 'சயன்ஸ்' என்ற ஒரே சொல்லாகிவிட்டது. காய்ச்சல் மாத்திரையைக் கொண்டுவந்து இது எத்தனை போடவேண்டும் என்று கேட்டார்கள். நாய் கடித்தால் கேட்டார்கள். தோட்டத்து மருந்தகம் கிழமைக்கு இரண்டு நாள் திறக்கும். நான் எல்லா நாளும் வீட்டில் இருந்தேன்.

சின்ன வயதில் என்னை 'அடி கோகி' என்று கூப்பிட்டவர்கள் இப்போது 'டீச்சர்' என்றார்கள். அப்போது நான் டீச்சரே இல்லை. நியமனம் வந்தது அடுத்த வருஷம். யாராவது எதிரே வந்து நின்றால் எனக்குப் பேச்சு சுருங்கிவிடும். 'தெரியாது' என்று சொன்னால் ஏன், எப்படி என்று இன்னும் நாலு கேள்வி வரும். அதனால் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன்.

பரிமளக்கா எங்கள் லயத்திலேயே நான்காவது வீடு. பால் வெட்டுகிறவர். விடியும்போதே கத்தியும் வாளியுமாக மலைக்குப் போய், மரம் மரமாகப் பட்டையைக் கீறிவிட்டு, பிறகு சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்துக்கொண்டு மத்தியானத்துக்கு மேல் இறங்குவார். அன்றும் கையில் பால் காய்ந்த பிசுபிசுப்பு இருந்தது. மகள் அனுஷியாவுக்கு ஆறு வயது.

"டீச்சர், இவ காலக் கொஞ்சம் பாருங்களேன். அடிப்பாதம் சப்பையா கெடக்கு. பின்னேரமானா வலிக்குதுன்னு அழுவுறா. தூக்குங்கறா. ஆறு வயசுக் குமரிய நான் எங்க தூக்குறது? பால் வாளிய வீசிட்டுத்தான் தூக்கணும்."

அனுஷியா தாயின் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேல் பல் இரண்டு விழுந்திருந்தன.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம். நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து அவள் காலை நனைத்து, சீமெந்துத் தரையில் மிதிக்கச் சொன்னேன். இரண்டு காலும் முழுதாகப் பதிந்தன. நடுவில் வளைவே இல்லை. லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களும் தங்கள் கால்களை நனைத்து மிதித்துப் பார்த்தார்கள்.

"சின்னப் புள்ளைங்களுக்கு அடிப்பாதத்தில கொழுப்பு இருக்கும்க்கா. அதான் சப்பையா தெரியுது. வளைவு மெல்ல மெல்லத்தான் வரும். எட்டு வயசு வரைக்கும் பாக்கலாம். தனியா சப்பாத்தோ, உள்ள வைக்கிற தாங்கோ ஒன்னும் தேவையில்ல."

"வலி?"

புத்தகத்தில் அதுவும் இருந்தது. வலி இல்லாத தட்டைப் பாதத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வலி இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று அதே பக்கத்தில் போட்டிருந்தது. அந்த வரி எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால், எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்ப்பது, நீங்களும் கூட வருவீங்களா என்று கேட்பார். எனக்குச் சிங்களம் சரியாக வராது. தமிழ் விடுதியிலேயே நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். அந்நிய இடத்தில், அந்நிய ஆட்கள் முன்னால், ஒரு டாக்டரிடம் நின்று பேசுவதை நினைத்தேன்.

"வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்க்கா. ஒன்னுமில்ல."

"அப்பாடா" என்றார் பரிமளக்கா. மகளின் தலையில் செல்லமாகத் தட்டினார். "கேட்டியாடி? ஒன்னுமில்லையாம். இனி தூக்கு கீக்குன்னு வந்த, தெரியும்."

பின்னேரம் ஒரு பை பலாக்கொட்டை கொடுத்தனுப்பினார். அவித்துத் தின்றோம்.

*

2004இல் நான் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெரிய வகுப்புகள் மேல் கட்டடத்தில். அனுஷியா மூன்றாம் வகுப்பு, கீழ்க் கட்டடம். அவளை நான் அதிகம் கண்டதில்லை.

விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கும்போது என்னைக் கோடு போடப் போட்டிருந்தார்கள். மைதானம் என்று சொல்லும் அந்த மண் திட்டில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு வந்தேன். ஓரத்தில் முப்பது நாற்பது சோடிச் செருப்பு குவிந்து கிடந்தது. பக்கத்தில் அனுஷியா உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஓடலையா?"

"நான் செருப்புக் காவல் டீச்சர்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஆமா டீச்சர். எனக்கு ஓட ஆசையில்ல."

ஓடி முடித்த பிள்ளைகள் செருப்பு எடுக்க வந்தார்கள். அவள் எழுந்து வழி விட்டு நகர்ந்தபோது ஒருத்தி கையிரண்டையும் இடுப்பில் வைத்து, பாதத்தை வெளியே திருப்பி ஆடி ஆடி நடந்து காட்டினாள். "வாத்து வருது, வழிய விடுங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அனுஷியாவும் சேர்ந்து சிரித்தாள். பழகிய சிரிப்பு.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நிற்பதைக் கண்டேன். சப்பாத்தைக் கழற்றி, கணுக்காலின் உட்பக்கத்தை ஈரச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. என் காலடி கேட்டதும் சட்டென்று காலை இறக்கினாள்.

"வலிக்குதா அனுஷியா?"

"இல்ல டீச்சர்."

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

அவளுடைய சிநேகிதி ஆஸியா சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருப்பவரின் மகள். வாய் நிற்காத பிள்ளை.

"பொய் சொல்றா டீச்சர். நெதமும் வலிக்கும். படியில ஏறக்குள்ள எந்தோள்ளதான் தொங்குவா."

"சும்மா இருடி" என்றாள் அனுஷியா.

"அப்ப ஏன் வீட்டுல சொல்லல?" என்று கேட்டேன்.

ஆஸியா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "வலிக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்களாம்."

கையிலிருந்த சுண்ணாம்புத் தகரத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அனுஷியாவின் சப்பாத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இரண்டின் குதியும் உட்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தன. வெளிப்பக்கத்து றப்பர் புதிது மாதிரியே இருந்தது.

*

அன்று பின்னேரமே பரிமளக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் முற்றத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, சேலை முந்தானையால் பலகையைத் துடைத்து, "ஒக்காருங்க டீச்சர்" என்றார். உட்கார்ந்ததும் சொல்ல வந்தது போய்விட்டது.

"அனுஷியாவுக்கு எட்டு வயசு ஆச்சுல்லக்கா. காலை ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருவோம்."

"நீங்கதான ஒன்னுமில்லன்னீங்க?"

"சும்மா ஒருக்கா பாக்குறதுதான். எட்டு வயசுல பாக்குறது வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் இல்லை. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது.

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் பரிமளக்கா. "மழ பேயிற வியாழனாப் பாத்துப் போவோம்."

எலும்பு டாக்டர் டவுன் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதான் வருவார். மழை பெய்து மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்று வேலை இல்லை. ஆஸ்பத்திரி, ஐடென்டிட்டி காட், கல்யாணச் சாமான், எல்லாவற்றையும் மழை நாளுக்கு வைப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். அதனால் நானும் தலையாட்டினேன்.

அடுத்த வியாழன் வெயில். அதற்கடுத்ததும் வெயில். மூன்றாவது வியாழன் விடிய மேகம் கறுத்துக் கிடந்தது. நான் உடுத்திக்கொண்டு வாசலில் நின்றேன். ஆறு மணிக்கெல்லாம் வெளுத்துவிட்டது. பரிமளக்கா வாளியோடு கடந்து போகும்போது, "மழைக்கும் ஒங்களப் போல கூச்சம் டீச்சர்" என்று சிரித்தார். 'மழைய எதிர்பாக்காதீங்க, புள்ளைக்கு வலிக்குது' என்று சொன்னால் போதும். அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அவர் வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்திருப்பார். எனக்கு அது தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் அடுத்த வசனமும் வந்தாக வேண்டும்.

நான்காவது வியாழன் இரவிலிருந்தே கொட்டியது.

*

டாக்டர் நரை விழுந்த பெண். சிங்களவர். அனுஷியாவைக் கதிரையில் உட்காரவைத்துக் காலைப் பிடித்து மேலும் கீழும் வளைத்தார். பிறகு நடக்கச் சொன்னார். பின்னால் நின்று குதியைப் பார்த்தார். அடுத்து நுனிக்காலில் நிற்கச் சொன்னார். அவள் எம்பினாள். அதுவரை தட்டையாக இருந்த பாதத்தின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு வளைவு எழும்பியது. டாக்டர் அதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

பேச்செல்லாம் பரிமளக்காதான். அவருடைய சிங்களம் கடைவீதியில் கற்றது, எங்கும் தடக்காமல் ஓடும். டாக்டரையே இரண்டு தடவை சிரிக்க வைத்தார். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை அவர் திரும்பித் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பாதம் மெத்துன்னுதான் இருக்காம் டீச்சர். எறுகிப் போனாத்தான் பயப்படணுமாம். இப்பிடி நெறைய புள்ளைங்க இருக்காம். வலி இல்லாட்டி ஒன்னும் செய்யத் தேவையில்லையாம். வலி இருந்தா மட்டும் சப்பாத்துக்குள்ள இன்சோல் ஒன்னு அளவெடுத்து வைக்கணுமாம்."

எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தபடிதான்.

டாக்டர் அனுஷியாவின் கன்னத்தைத் தொட்டார். "ரிதெனவாத துவே?" வலிக்கிறதா மகளே என்று கேட்டார்.

அனுஷியா டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நே" என்றாள். இல்லை.

டாக்டர் கணுக்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி மறுபடி கேட்டார். அவள் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டு, நே என்றாள். டாக்டர் கையெடுத்துவிட்டுக் கிளினிக் அட்டையில் எழுதினார்.

பரிமளக்கா நிம்மதியில் இன்னும் கொஞ்சம் பேசினார். இந்த டீச்சர் இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், சயன்ஸ் படித்தவர், எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்வது எனக்கு விளங்கியது. பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஹொந்தய்" என்றார். நல்லது.

நானும் சிரித்தேன்.

வெளியே வந்தோம். மழை தூறலாகியிருந்தது. "சட்டுன்னு போனா பத்தேகால் பஸ்ஸப் புடிக்கலாம்" என்று பரிமளக்கா குடையை விரித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். அனுஷியா கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றித்தான் இறங்கினாள். ஏழு படி. கடைசிப் படியில் நின்று மூச்சு விட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கும்போது அவளுடைய முகம் சாதாரணமாக இருந்தது.

"அக்கா, நில்லுங்க."

"என்னா டீச்சர்?"

"திரும்ப உள்ள போகணும்."

"எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

கதவடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் எல்லாரையும் தாண்டிப் போனேன். "போலிம தியெனவா நோனா!" என்று ஒரு கிழவி கத்தினாள். வரிசை இருக்கிறதாம். இன்னொருத்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வாழ்நாளில் நான் அப்படி ஒரு வரிசையை முறித்ததில்லை. முந்தானையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"லமயாட்ட ரிதெனவா" என்றேன். பிள்ளைக்கு வலிக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சிங்களம் இல்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வேண்டிய வசனம் நான் படித்த ஆங்கிலத்திலும் இருக்கவில்லை. டாக்டர் என் பின்னால் வந்து நின்ற பரிமளக்காவைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார், கேளுங்கள் என்றார்.

"சொல்லுங்க டீச்சர். நான் அவங்களுக்குச் சொல்றேன்."

"அனுஷியாவுக்கு வலி இருக்குக்கா. தெனமும் இருக்கு. இல்லன்னு பொய் சொல்றா."

பரிமளக்கா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சிங்களத்தில் சொன்னார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன நான் ஒன்னுமில்லன்னு சொன்னேன். அதனாலதான் பொய் சொல்றா."

அதையும் சொன்னார். இம்முறை மெதுவாக.

"தெரியாமத்தான் சொன்னேன்..." என்று தொடங்கினேன். பிறகு, "இல்லக்கா. வலி இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும்னு அப்பவே எனக்குத் தெரியும். ஒங்களோட இங்க வந்து பேசணுமேன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

அதைப் பரிமளக்கா சிங்களத்தில் சொல்லவில்லை.

"நீ என்ன சொல்ற கோகி?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சா சொன்ன?"

"தெரிஞ்சுதான்."

"இவ நடிக்கிறாளுன்னுட்டு..." பரிமளக்காவின் குரல் கீழே இறங்கியது. "தேர் அன்னைக்கு நடு ரோட்டுல வச்சு சாத்துனேனே இவள. ஏலாதும்மா ஏலாதும்மான்னு ஒக்காந்தா. டீச்சரே பாத்து ஒன்னுமில்லன்னுட்டாங்க, ஒனக்கு என்னா நோக்காடுன்னு சாத்துனேன்."

அனுஷியா சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிமளக்கா டாக்டர் பக்கம் திரும்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். நான் சொன்னதை விடவில்லை, தான் அடித்ததையும் விடவில்லை. எனக்கு விளங்கிய சொற்களே போதுமாக இருந்தன. டாக்டர் யாரையும் ஏசவில்லை. பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்தி மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

"சொல்லுடி. அடிக்க மாட்டேன்" என்றார் பரிமளக்கா.

அனுஷியா மறுபடி என்னைத்தான் பார்த்தாள். நான் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தேன்.

"நான் அன்னைக்குச் சொன்னது பிழை அனுஷியா."

அவள் யோசித்தாள்.

"அப்ப வலிக்கலாமா டீச்சர்?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் குனிந்து இரண்டு கணுக்காலிலும் உட்பக்கம், எலும்புக்குக் கீழே, விரலை வைத்துக் காட்டினாள். பிறகு கெண்டைக்கால். டாக்டர் அங்கே லேசாகத்தான் தொட்டார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளைத் தாளில் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார்கள். இன்சோல் கொழும்பில் செய்து வர ஆறு கிழமையாகும். செருப்புக்குள் வைக்க முடியாது, குதி இறுக்கமான மூடிய சப்பாத்து வேண்டும். அதுவரை சுவரில் கை ஊன்றிக் குதிநரம்பை இழுத்துவிடும் பயிற்சி ஒன்றைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும். இவ்வளவையும் பரிமளக்கா எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் ஆங்கிலத்தில் எனக்குத் தனியாகச் சொன்னார். இன்சோல் வைத்ததால் பாதம் வளைந்துவிடாது, வலியில்லாமல் நடக்கலாம், அவ்வளவுதான் என்றார்.

"இரண்டு வருஷம் விட்டதால் கால் பழுதாகிவிட்டதா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

கால் பழுதாகவில்லை என்றார் அவர். பிள்ளை இரண்டு வருஷம் வலியோடு இருந்திருக்கிறாள் என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், கிளினிக் அட்டையில் எழுதிக்கொண்டே.

*

பஸ்ஸில் பரிமளக்கா யன்னலோரம் உட்கார்ந்தார். அனுஷியா நடுவில். மூவர் இருக்கையில் நான் ஓரம். டவுனைத் தாண்டும்வரை பரிமளக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அனுஷியாதான் பேச்சைத் தொடங்கினாள்.

"அம்மா, நீ காலையில பேர் குடுக்கப் போற பிரட்டுக் களத்துக்கு மேல ஒரு மேடு இருக்குல்ல? அங்கதான் ரொம்ப வலிக்கும்."

பரிமளக்கா ஈரக் குடையைக் காலடியில் வைத்தார்.

"பெரியம்மா வீட்டுக்குப் போனோமே, அன்னைக்கும் வலிச்சிச்சு. ஒனக்குத் தெரியாது. நான் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன்ல, அதுக்குத்தான்."

"ம்."

"டீச்சர், ஒங்க வகுப்புக்கு ஒருநாள் கடுதாசி கொண்டு வந்தேன். மேல் கட்டடத்துக்கு. அன்னைக்கும். நீங்க தேங்க்ஸ் சொன்னீங்க."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதுபோல் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"எனக்கு ஞாபகமில்ல அனுஷியா."

"சின்னக் கடுதாசி டீச்சர். மஞ்ச நெறம்." அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தாயின் பக்கம் திரும்பினாள். "இன்னும் இருக்கு. சொல்லவா?"

பரிமளக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மகளின் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஈரச் சப்பாத்து சேலையில் சேறாகியது.

"சொல்லு" என்றார். "டீச்சரும் கேக்கட்டும்."

அவள் சொன்னாள். தேர், படி, தண்ணி பிடிக்கிற பீலி, காலைக் கூட்டம், மழை நாள், வெயில் நாள். இடையிடையே ஒன்றை மறந்து திரும்பிப் போய்ச் சொன்னாள். தெஹியோவிட்டவில் இறங்கும்வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு வந்தோம்.